ஊர்வல வண்டிக்கு ரேஸ் கேம்

பீம்ராவ் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ராயபுரத்தில், பிரசவ ஆஸ்பத்திரி வாசலில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது. என் நாத்தனார் கெங்கம்மாவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. மூத்தவள் ராமசெல்வி. அவளுக்குப் பெயர் வைத்தது மாமியார். இந்தத் தடவை என் முறை என்று கெங்கம்மாவின் புருஷன் கோதண்டம் நர்ஸ் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

“பீம்ராவ்னு எய்திக்கோம்மா.”

“இன்னாடா பேரு இது, வடக்கத்தியான் பேரு மாதிரி கீது?” என்றாள் அவர் அம்மா.

“சட்டம் எய்துனவரு பேரு. உன் வாயில நொழையலன்னா பீமான்னு கூப்டு, யாரு வேணாம்னாங்க?”

கிழவி பீமா என்றே கூப்பிட்டாள். பிறகு நாங்கள் எல்லோரும் அப்படித்தான்.

பீமா பலசாலிப் பெயர்க்காரன், ஆனால் சின்ன வயதிலிருந்தே கூச்சம் பிடித்தவன். கெங்கம்மா அப்போது துறைமுகத்துப் பக்கம் ஒரு குடோனில் பருப்பு புடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தலையெல்லாம் பருப்புத் தூசு. பீமா பத்தாவதில் நின்றுவிட்டு ராயபுரத்தில் கார் ஷெட் ஒன்றில் வேலை கற்றுக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவன் சோற்றுத் தூக்கை மறந்துவிட்டுப் போய்விட, அவள் வேலைக்கு நடுவில் அந்தக் கோலத்திலேயே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போனாள். யார் இந்த அம்மா என்று ஷெட்டில் கேட்டார்களாம். “பக்கத்து வூட்டு அம்மா” என்று சொல்லிவிட்டான். கெங்கம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொன்னாள். “என் புள்ளைக்கு நான் பக்கத்து வூட்டுக்காரி ஆய்ட்டேன்டீ” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அவள் சாகிற வரைக்கும் அந்தப் பேச்சு வந்தால் பீமா எழுந்து வெளியே போய்விடுவான்.

வேலையில் மட்டும் கெட்டிக்காரன். ராயபுரத்தில் பழைய கிளியரிங் ஏஜென்ட் ஒருவர் வீட்டு ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி வந்தான். இந்த மெட்ராஸிலேயே செய்த கார் அது. மேல்கூரை உளுத்துப் போயிருந்தது. அந்தக் காரில் கூரையைத் தனியாக போல்ட்டு கழற்றி எடுத்துவிடலாம் என்று அவனுக்குத் தெரியும். எடுத்துவிட்டான். திறந்த கார் ஆகிவிட்டது. வெண்ணெய் நிறத்தில் பெயின்ட் அடித்து, பின்சீட்டுக்குச் சிவப்பு வெல்வெட்டு போட்டான். எங்கள் சொந்தத்தில் அதற்கப்புறம் கல்யாணம் பண்ணிக்கொண்ட மாப்பிள்ளை எவனும் வேறு வண்டியில் ஏறியது கிடையாது. என் பெரிய பேரன் அதில்தான் போனான். கெங்கம்மாவின் அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் அதில்தான். வெளியாட்களும் கேட்டு வாங்கிப் போவார்கள்.

திருவொற்றியூரில் எங்கள் லைன் வீடுகளில் ஊர்வலத்துக்கு ஒரு முறை உண்டு. மற்ற இடங்களில் எப்படியோ தெரியாது. பேண்டு செட்டுக்குப் பின்னால் கார் நடையாக நடக்க வேண்டும். சொந்தக்காரர் வாசல் ஒவ்வொன்றிலும் நிற்க வேண்டும். அந்த வீட்டுப் பெண்பிள்ளை வந்து மாப்பிள்ளை வாயில் சர்க்கரை போடுவாள். ஆனால் இஞ்சினை அணைக்கக் கூடாது. அணைத்தால் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு விருந்தாளி ஆகிவிட்டான் என்று அர்த்தம். இறங்கி உள்ளே போய்க் கை நனைக்க வேண்டும். ஒரு வீட்டில் நனைத்தால் மற்ற வீட்டுக்காரிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆகவே வண்டி நிற்கும், இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். பீமாவின் ஹெரால்டு அதில் பெயர் எடுத்தது. தூங்குகிற பூனை மாதிரி மெல்ல உறுமிக்கொண்டு நிற்கும். ஒரு நாளும் நடுவில் நின்றதில்லை.

இதெல்லாம் இப்படி இருக்க, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கடல் ஓரமாகப் போய்விட்டு வருவதாக ஏற்பாடு. வண்ணாரப்பேட்டை தோல் வியாபாரி தவ்ஃபீக் இவனைக் கூப்பிட்டார். அவரிடம் ஒரு பழைய ஃபியட் இருக்கிறது. பீமாதான் அதற்கு வைத்தியம் பார்ப்பவன். பீமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பொண்டாட்டி எழில்மொழியை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போனான். எழில்மொழி ஆட்டோ ஓட்டுகிறவள். பேச்சில் அவளிடம் தப்பிக்க முடியாது. இந்தக் கதையில் நான் கண்ணால் பார்க்காதது எல்லாம் அவள் வாயால் கேட்டதுதான்.

தவ்ஃபீக் காரைத் தட்டிக்கொடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “மாமு, எங்க வூட்டு கௌசர் கல்யாணத்துக்குப் பூ சுத்திக்கினு வந்த வண்டி தானே இது? அப்பவே எனக்கு இது மேல ஒரு கண்ணு!” என்றாராம். அவர் பிரியமாகத்தான் சொன்னார். கூட்டத்தில் ஒருத்தர், “ஓ, கல்யாண வண்டியா? ஹாரன்ல நாதஸ்வரம் வருமா?” என்று கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். போதாக்குறைக்கு ரோட்டில் போகும்போது ஹெரால்டு கடைசி. மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கியது. கன்டெய்னர் லாரிகூட ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போனது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், “எயிலு, இஞ்சினத் தொறக்கப் போறேன். கேம் மாத்தணும்” என்றான்.

கேம் என்பது என்ன என்று எனக்கே இந்தக் கலாட்டாவுக்குப் பிறகுதான் தெரியும். இஞ்சினுக்குள்ளே ஒரு இரும்புத் தண்டு. அதில் வரிசையாக முட்டை மாதிரி மேடுகள். தண்டு சுற்றச் சுற்ற அந்த மேடுகள் வால்வைத் தூக்கி மூடும். இஞ்சின் மூச்சு இழுப்பதும் விடுவதும் அதனால்தான். மேடு அடக்கமாக இருந்தால் இஞ்சின் நிதானமாக மூச்சு விடும், மெல்லப் போனாலும் இழுக்கும். மேட்டை உயரமாக, அகலமாகக் கடைந்தால் வால்வு ரொம்ப நேரம் திறந்து கிடக்கும். வேகமாகப் போகும்போது அது அள்ளி அள்ளிக் குடிக்கும், பறக்கும். மெல்லப் போகும்போது குடித்தது வெளியே வழியும், இழுக்காது, உதறும். இதுதான் விஷயம். வேகம் வேண்டுமா, நிதானம் வேண்டுமா, இரண்டில் ஒன்றைக் கேட்க வேண்டும்.

விம்கோ நகரில் கிருஷ்ணப்பன் என்று ஒருவர் கேம் கடைகிறார். சோழவரத்தில் கார் ரேஸ் நடந்த காலத்திலிருந்து அந்த வேலைதான். எழில்மொழியின் ஆட்டோவிலேயே போனார்கள். கிருஷ்ணப்பன் இரண்டு தண்டை எண்ணெய்த் துணியிலிருந்து எடுத்து பெஞ்சில் வைத்தார்.

“இது ரோட்டுக் கேம். பழசுக்கு ஒரு படி மேல, அவ்ளோதான். இது ரேஸ் கேம். கீழ செத்தமாரி இருக்கும், மேல போனா சிங்கம். வண்டிக்கு இன்னா வேல, அதச் சொல்லு மொதல்ல.”

பீமா இரண்டு தண்டையும் மாறி மாறிக் கையில் எடுத்துப் பார்த்தான்.

“இன்னாப்பா யோசன? ஆபீஸ் போவியா, ஊருக்குப் போவியா, நின்னு நின்னு போற வண்டியா?”

“நின்னு போற வேலையே இல்ல. எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஓட்டறதுதான்” என்றான் பீமா.

எழில்மொழி வாயைத் திறந்தாள். “அண்ணே, அது கல்யாண...” என்பதற்குள் அவள் காலை மிதித்தான். நன்றாகவே மிதித்திருக்கிறான். செருப்பு வார் அறுந்துவிட்டது.

கிருஷ்ணப்பன் இரண்டு பேரையும் பார்த்தார். “அய்யே, புருஷன் பொண்டாட்டி சண்டைய வெளிய வெச்சிக்கங்க. தோ பாரு தம்பி, ரேஸ் கேம் போட்டா ஐட்லிங் நிக்காது, நின்ன எடத்துல இஞ்சின் அணஞ்சிரும். பொறவு எங்கிட்ட வந்து பேஜாரு பண்ணக் கூடாது.”

“நம்ம வேலய நாம பாத்துக்கறோம்ண்ணே” என்று பீமா ரேஸ் கேமை எடுத்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் எழில்மொழி அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாளாம். “யோவ், நம்ம வண்டி இன்னா வேல செய்யுதுன்னு சொல்றதுக்கு இன்னாய்யா வெக்கம்? நெலவன் கல்யாணம் வருது. அதுக்கு இன்னா பண்ணுவ?”

“அதெல்லாம் ஆக்சிலேட்டர்ல காலு வெச்சிக்கினே ஓட்டிருவேன். எனக்கா ஓட்டத் தெரியாது?”

நிலவன் ராமசெல்வியின் ஒரே பிள்ளை. பீமா அவனுக்குத் தாய்மாமன். ஊர்வலத்தில் வண்டி ஓட்டுவதும் அவன்தான், மண்டபத்தில் முதல் மாலை போடுவதும் அவன்தான். கெங்கம்மா போன பிறகு ராமசெல்விக்குப் பிறந்த வீடு என்றால் தம்பி ஒருத்தன்தான்.

கேமை மாற்றினான். கார்புரேட்டரிலும் கைவைத்தான். ஒரு காலை நேரம் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்தவன், போன தடவை தன்னை முந்திய மாதிரி ஒரு கன்டெய்னர் லாரியை முந்தினான். வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி குதித்தானாம். தவ்ஃபீக்குக்கு போன் போட்டு, “பாய், வெள்ளிக்கெயம எங்க அக்கா புள்ள ஊர்வலம். தோஸ்துங்கள இட்டுக்கினு வாங்க. வண்டிய வந்து பாருங்க” என்றான். ஆனால் வாசலில் நிறுத்தினால் வண்டி மலேரியாக் காய்ச்சல்காரன் மாதிரி உதறியது. எங்கள் வீட்டு ஜன்னல் வரைக்கும் அந்த நடுக்கம் வந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. பழைய கேம் கிரீஸ் தடவிப் பரண்மேல் பத்திரமாகத்தான் கிடந்தது. மாற்றியிருக்கலாம். அப்புறம் தோஸ்துகளுக்கு எதைக் காட்டுவது? மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும் ஊர்வலம் கிளம்பியது. காரில் சாமந்தியும் ரோஜாவும். நிலவன் கோட்டு சூட்டில் வெல்வெட்டு சீட்டில். மணப்பெண் மகிமா வீட்டார் மண்டபத்தில் காத்திருந்தார்கள். தவ்ஃபீக் நாலைந்து பேரோடு வந்து பேண்டு செட்டின் பக்கத்தில் நடந்து வந்தார். முதல் வாசல் என்னுடையது. நான் சர்க்கரை போடக் கையை நீட்டினால், வண்டி உதறிய உதறலில் பாதி நிலவன் கோட்டில் கொட்டியது.

“இன்னா அத்தே, கை நடுங்குது?” என்றான் பீமா, சிரித்த மாதிரி.

“என் கைதான்டா ஒயுங்கா கீது. உன் வண்டிக்குக் குளுர்ஜொரம்.”

அடுத்தடுத்த வாசல்களில் ஒரு கால் பிரேக்கில், ஒரு கால் ஆக்சிலேட்டரில். வண்டி உறுமும், உடனே செத்துப் போகப் பார்க்கும், மறுபடி உறுமும். பேண்டுக்காரர்களுக்குத் தாளம் தப்பியது. புகையில் குழந்தைகள் இருமின. பீமாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அடுத்து வரவேண்டியது சொக்கம்மாள் வாசல். சொக்கம்மாள் ராமசெல்வியின் ஓரகத்தி, நிலவனுக்குப் பெரியம்மா முறை. மாமியாரைக் கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொண்டது என்ற சண்டையில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்று பல காலம் ஆயிற்று. பத்திரிகைகூட வைக்கவில்லை. அந்த வாசலில் மட்டும் நிறுத்தாமல் போய்விடு என்று ராமசெல்வி தம்பியிடம் காலையிலேயே சொல்லிவிட்டாள். “அவ மூஞ்சில நான் முயிக்க மாட்டேன்டா பீமா. நேரா வுட்டுரு.”

நேராக விடத்தான் பார்த்தான். ஆனால் பேண்டுக்காரர்கள் முன்னால் மெல்லப் போனார்கள். வண்டி அவர்கள் முதுகை இடிக்கக் கூடாது. காலைக் கொஞ்சம் எடுத்தான். டப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சரியாக சொக்கம்மாள் வாசலில் இஞ்சின் நின்றது.

சாவியைத் திருப்பினான், திருப்பினான், திருப்பிக்கொண்டே இருந்தான். பெட்ரோல் வழிந்து பிளக்கு நனைந்துவிட்டது. பேட்டரி முனகி முனகி ஓய்ந்தது. பேண்டு நின்றது. சொக்கம்மாள் வாசலுக்கு வந்தாள். அழுக்குப் புடவைதான் கட்டியிருந்தாள், தன் வாசலில் நிற்பார்கள் என்று அவளே நினைக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, “வண்டிய அணச்சிட்டீங்களா? வா நைனா நெலவா. உள்ள வா” என்றாள்.

முறை முறைதான். நிலவன் அம்மாவைப் பார்த்தான். ராமசெல்வி தம்பியைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிள்ளை இறங்கி உள்ளே போனான். ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு பிடி சோறுமாகக் கை நனைத்துவிட்டு வந்தான். அதற்குள் பின்னால் வந்த மற்ற வீட்டுக்காரிகள், அங்க நனைச்சவன் இங்க ஏன் நனைக்கல என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

தவ்ஃபீக் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு காருக்குப் பின்னால் வந்தார். “மாமு, ஸ்டியரிங்க புடி, தள்ளிரலாம்.” தோல் வியாபாரியும் தோஸ்துகளும் பேண்டுக்காரர்களும் சேர்ந்து தள்ளினார்கள். கார் கிளம்பவே இல்லை. மாப்பிள்ளை தெருவில் நடந்தே மண்டபம் போய்ச் சேர்ந்தான். யாரோ செல்போனில் எடுத்த அந்தப் படம், எங்கள் சொந்தக்காரர்கள் எல்லார் போனிலும் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் கல்யாணம், பௌத்த முறைப்படி. பஞ்சசீலத்தின் ஐந்து வாக்கும் சொல்லி முடித்து, தாய்மாமன் மாலைக்குக் கூப்பிடும் நேரம் வந்தது. ராமசெல்வி பீமாவை விட்டுவிட்டு மைக்கில் தன் பெரியம்மா பிள்ளையைக் கூப்பிட வைத்தாள். பீமா மண்டபத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நகக்கண்ணில் கரி போகவில்லை. எழில்மொழி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“நீ அந்த சொக்கம்மா கூட சேந்துக்கினு வேணும்னே நிறுத்துனன்னு உங்க அக்கா சொல்லிக்கினு கீது. ஒன் வண்டி நின்னதே கெடயாதுன்னு ஊருக்கே தெரியும். போய் உண்மைய சொல்லுய்யா!”

“எப்டி எயிலு சொல்றது?”

“வாயாலதான்.”

பந்தி நடந்துகொண்டிருந்தது. அவன் வந்து, பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் முன்னால் நின்றான். நாங்கள் எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்தோம்.

“அக்கா, நான் வேணும்னே நிறுத்தல. சத்தியமா. வண்டில ரேஸ் கேம் போட்டுட்டேன். அது மெல்லப் போனா அணஞ்சிரும். கடையில அவரு இன்னா வண்டின்னு கேட்டாரு. கல்யாண வண்டின்னு சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு. அதான்...”

ராமசெல்வி அவன் பக்கம் திரும்பினாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். குரல் எழும்பவே இல்லை.

“என் புள்ள ஏறுற வண்டின்னு சொல்ல வெக்கமாடா உனக்கு?”

“அப்டி இல்லக்கா...”

“நீ அவகூட சேந்துக்கினு நிறுத்தியிருந்தா பரவால்லடா. சொந்தம் சேரட்டும்னு பண்ணான்னு நெனச்சிருப்பேன். அன்னிக்கு அம்மாவ பக்கத்து வூட்டுக்காரின்ன. இப்போ நாங்களா?”

இலையிலிருந்து யாரும் நிமிரவில்லை. பீமா அங்கேயே நின்றான். போகவும் தெரியவில்லை, உட்காரவும் தெரியவில்லை. சொக்கம்மாளும் வந்திருந்தாள், கை நனைத்த வீடாகிவிட்டதால் நிலவன் போய்க் கூப்பிட்டிருந்தான். கடைசியில் அவள்தான் தன் பக்கத்து இலையைக் காட்டி, “குந்து பீமா, சோறு ஆறுது” என்றாள். அவன் உட்கார்ந்தான். சாப்பிட்டானா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்கும் கூச்சமாக இருந்தது.

அந்த வாரமே இஞ்சினைத் திறந்து பரண்மேல் இருந்த பழைய கேமைப் போட்டான். ரேஸ் கேமைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கிருஷ்ணப்பன் காரணம் கேட்டார். “இது ஊர்வலத்து வண்டிண்ணே. மாப்ள ஏத்திக்கினு நின்னு நின்னு போகும்” என்று சொன்னான். “இத அன்னிக்கே சொன்னா வாய் வலிச்சிருக்குமா?” என்றார் அவர். தவ்ஃபீக் அதற்குப் பிறகும் ஃபியட்டை இவனிடம்தான் விடுகிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் பீமா போவதில்லை.

ராமசெல்வி அவனோடு பேசுகிறாள். நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்புகிறாள். பழைய மாதிரி “டேய் பீமா” என்று தெருமுனையிலிருந்து கத்திக் கூப்பிடுவது மட்டும் இல்லை. நிலவனுக்கும் மகிமாவுக்கும் பெண் குழந்தை பிறந்து, கெங்கம்மா பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் குழந்தையைக் கூப்பிட பீமாவுக்கு வாய் வரவில்லை. பாப்பா என்றுதான் கூப்பிடுகிறான்.

இப்போது பீமா மாதவரத்தில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை பார்க்கிறான். எங்கள் லைனில் ஊர்வலம் என்றால் ஹெரால்டுதான் வருகிறது, எந்த வாசலிலும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது இஞ்சின். ஓட்டுவது எழில்மொழி. அவன் வண்டிக்குப் பின்னால் நடந்து வருகிறான்.